பல கேமராக்கள், ஒரே ரா மென்பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் ஒரு கம்பெனி கேமரா, பையில் இன்னொரு கம்பெனி கேமரா, கூடவே ராவில் (சென்சார் பதிவு செய்ததைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கும் கோப்பில்) எடுக்கும் ஒரு கைபேசி. இப்படி வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பல வருடங்களாக இரண்டு மூன்று பிராண்டுகளை ஒரே மென்பொருளில் ஓட்டி வருகிறேன். பட்டுத் தெரிந்துகொண்டதுதான் இதில் பாதி.

கேமராவோடு வரும் மென்பொருள் இலவசம்தானே? அதை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருள் எதற்கு?

கேனானுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ், ஒலிம்பஸ் வழி வந்த ஓஎம் சிஸ்டத்துக்கு ஓஎம் வொர்க்ஸ்பேஸ். எல்லாமே இலவசம்தான், மோசமானவையும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் தன் வீட்டுப் பிள்ளையை மட்டும்தான் கவனிக்கும். நிக்கானின் என்இஎஃப் கோப்பை சோனி மென்பொருளில் இழுத்துப் போட்டுப் பாருங்கள், ஒன்றும் நடக்காது.

அதைவிடப் பெரிய சிக்கல் கைப்பழக்கம். ஒரு மென்பொருளில் ஹைலைட்டை (படத்தின் மிக வெளிச்சமான பகுதியை) −40க்கு இழுத்தால் மேகம் எவ்வளவு திரும்பி வரும் என்று கைக்குத் தெரிந்துவிடும். இன்னொன்றில் அதே பெயருள்ள ஸ்லைடர் வேறு மாதிரி நடந்துகொள்ளும். வாரத்தில் மூன்று நாள் இது, இரண்டு நாள் அது என்று மாறி மாறி உட்கார்ந்தால் இரண்டிலும் பாதிதான் கற்றுக்கொள்வோம். தேடல், நட்சத்திர மதிப்பீடு, கீவேர்டு எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது இன்னொரு நன்மை.

அதற்காகக் கம்பெனி மென்பொருளைக் கணினியிலிருந்து நீக்கிவிட வேண்டாம். சில வேலைகள் அதில்தான் முடியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ரா என்றால் ரா தானே? ஏன் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு வகை?

சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டும்தான் தெரியும். அதன் ஒவ்வொரு பிக்சல் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு சின்ன வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயருக்கு 1976இல் காப்புரிமை கிடைத்த அமைப்பு இது. நான்கு கட்டங்களில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவை இதையே பின்பற்றுகின்றன. ரா கோப்பில் இருப்பது இந்தக் கட்டம் போட்ட எண்கள்தான். ஒவ்வொரு பிக்சலிலும் விடுபட்ட மற்ற இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்புவதுதான் ரா மென்பொருளின் முதல் வேலை. இதற்கு டிமொசைக்கிங் என்று பெயர்.

ஃபியூஜிஃபிலிம் 2012இல் எக்ஸ்-புரோ1 கேமராவில் எக்ஸ்-டிரான்ஸ் என்ற வேறு அமைப்பைக் கொண்டுவந்தது. ஆறுக்கு ஆறு, மொத்தம் 36 கட்டங்கள். 20 பச்சை, 8 சிவப்பு, 8 நீலம். பேயருக்கு எழுதிய கணக்கு இதற்குப் பொருந்தாது, தனியாக எழுத வேண்டும். மென்பொருளுக்கு மென்பொருள் ஃபியூஜி படங்களின் தோற்றம் அதிகம் மாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மேலே இருக்கும் பொட்டலமும் வேறு வேறு. கேனானின் சிஆர்3, நிக்கானின் என்இஎஃப், சோனியின் ஏஆர்டபிள்யூ, ஃபியூஜியின் ஆர்ஏஎஃப், பானசோனிக்கின் ஆர்டபிள்யூ2. உள்ளே எது எங்கே இருக்கிறது என்று கம்பெனிகள் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. டேவ் காஃபின் என்ற நிரலர் 1997இல் டிசிரா என்ற சின்ன நிரலை எழுதத் தொடங்கி, கேமரா கேமராவாகப் பூட்டைத் திறந்துகொண்டே போனார். இன்று பல மென்பொருள்கள் பயன்படுத்தும் லிப்ரா என்ற நிரல் தொகுப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான். 2005இல் நிக்கான் டி2எக்ஸ் வந்தபோது கோப்பில் இருந்த ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிக்கட்டும் அளவு) தகவலை நிக்கான் குறியாக்கம் செய்து மறைத்தது. அடோபி வெளிப்படையாகவே முறையிட்டது, காஃபினோ அதை விரைவிலேயே உடைத்துவிட்டார். நாம் எடுத்த படத்தின் ஒயிட் பேலன்ஸ் நமக்கே பூட்டு!

புதுக் கேமரா வாங்கினேன். மென்பொருள் கோப்பைத் திறக்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

முதலில் மென்பொருளைப் புதுப்பியுங்கள். புது மாடலின் ரா கோப்புக்கு ஆதரவு வர சில வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட ஆகும். அதுவரை ராவோடு ஜேபெக்கும் சேர்த்து எடுங்கள், அவசரத்துக்கு ஜேபெக் கைகொடுக்கும்.

ஒருமுறை பணம் கட்டி வாங்கிய பழைய மென்பொருள்தான் உங்களிடம் இருக்கிறது, அதற்குப் புதுப்பிப்பு நின்றுவிட்டது என்றால், அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டர் ஒரு வழி. புதுக் கேமராவின் கோப்பை டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றிவிட்டால் பழைய மென்பொருள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். லைக்கா, ரிக்கோ ஜிஆர் கேமராக்கள் நேராகவே டிஎன்ஜி எழுதும். பென்டாக்ஸில் மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். இவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மாடலுக்கு ஆதரவு இருக்கிறது என்றால் அதன் எல்லாச் சுருக்க முறைகளுக்கும் ஆதரவு இருக்கிறது என்று பொருள் இல்லை. நிக்கான் இசட்9இல் 2021இல் வந்த ஹை எஃபிஷியன்சி ரா கோப்புகளில் திறந்தமூல மென்பொருள்கள் நீண்ட காலம் திணறின. அதே கேமராவின் லாஸ்லெஸ் (தகவல் இழக்காமல் சுருக்கிய) கோப்புகளில் அந்தச் சிக்கல் இல்லை. எந்தக் கேமராவாக இருந்தாலும் லாஸ்லெஸ் கம்ப்ரஸ்டு என்ற தேர்வு இருந்தால் அதையே வைத்துக்கொள்வது என் பழக்கம். சோனியின் பழைய சுருக்க முறையில், கறுப்பு வானத்தில் நட்சத்திரக் கோடு மாதிரி கூர்மையான விளிம்புகளின் ஓரத்தில் கறை தெரியும். அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகத் துடைக்க முடியாது.

எல்லாவற்றையும் டிஎன்ஜியாக மாற்றிவிட்டால் எல்லாக் கேமராவும் ஒன்றாகிவிடும் அல்லவா?

ஆகாது. பாத்திரத்தை மாற்றினால் உள்ளே இருப்பது மாறுமா? டிஎன்ஜி என்பது அடோபி 2004இல் வெளியிட்ட பொதுவான கோப்பு வடிவம், அவ்வளவுதான். எக்ஸ்-டிரான்ஸ் கட்டம் டிஎன்ஜிக்குள்ளும் எக்ஸ்-டிரான்ஸ் கட்டமாகவே இருக்கும். நிற வேறுபாடும் அப்படியே இருக்கும்.

நன்மைகள் இல்லாமல் இல்லை. எடிட் விவரம் தனி எக்ஸ்எம்பி கோப்பாக அலையாமல் உள்ளேயே போய்விடும். ஆனால் அந்த டிஎன்ஜியைக் கேமரா கம்பெனியின் சொந்த மென்பொருள் பொதுவாகத் திறக்காது. அதனால் மாற்றினாலும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். நான் மாற்றுவதே இல்லை. இரண்டு பிரதி வைக்க வட்டில் இடம் எதற்கு?

ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே மென்பொருள். ஆனாலும் இரண்டு கேமராவிலும் நிறம் வேறு மாதிரி வருகிறதே?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பதிலும் கொஞ்சம் நீளம்.

ஒவ்வொரு கம்பெனியும் சென்சார் மேல் வைக்கும் நிற வடிகட்டியின் சாயம் வேறு. ஒன்றின் சிவப்பு வடிகட்டி ஆரஞ்சு வெளிச்சத்தைக் கொஞ்சம் அதிகமாக உள்ளே விடும், இன்னொன்றின் நீல வடிகட்டி ஊதாவுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். கேமரா தரும் மூன்று எண்களை நாம் பார்க்கும் நிறமாக மாற்ற மென்பொருள் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு புரொஃபைல் வைத்திருக்கிறது. அடோபி வகைப் புரொஃபைல்களில் பொதுவாக இரண்டு வெளிச்சங்களுக்கு அளந்த கணக்கு இருக்கும். ஒன்று குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம், மற்றது பகல் வெளிச்சம். நடுவில் வரும் வெளிச்சத்துக்கு இரண்டையும் கலந்து ஒரு விடை சொல்லும். மலிவான எல்இடி வெளிச்சம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கும் அடங்காது. அங்கேதான் கேமராக்கள் ஆளுக்கொரு பக்கம் போகும்.

ஒரு நிகழ்ச்சியில் நடந்ததைச் சொல்கிறேன். மேடையில் ஒருவர் ஊதா நிற மேலாடை போட்டிருந்தார். முதல் கேமராவில் அது ஊதா. இரண்டாவதில் தெளிவான நீலம். முகம் ஒன்றில் லேசாக இளஞ்சிவப்பு, மற்றதில் மஞ்சள் கலந்த பச்சைச் சாயல். நான் செய்த முட்டாள்தனம், முதல் படத்தில் நன்றாக வந்த 5200 கெல்வின், டின்ட் +8 என்ற ஒயிட் பேலன்ஸ் எண்களை அப்படியே இரண்டாவது கேமராவின் படங்களுக்கு ஒட்டியது. முகம் இன்னும் கெட்டது.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. கெல்வின் எண் நேராகக் கோப்பிலிருந்து வருவதில்லை. கேமராவின் சிவப்பு, நீலப் பெருக்கல் எண்களை மென்பொருள் தன் புரொஃபைல் வழியாகக் கணக்கிட்டுக் காட்டும் மொழிபெயர்ப்பு அது. புரொஃபைலில் ஒரு சின்னப் பிழை இருந்தால் எண்ணிலும் பிழை வரும். ஒரு கேமராவில் 5200 என்பது இன்னொன்றில் 4950ஆக இருக்கலாம், டின்டும் பத்துப் புள்ளி தள்ளி இருக்கலாம். அதே வெளிச்சத்தில் இரண்டு கேமராவிலும் ஒரு சாம்பல் அட்டையைப் படம் எடுத்து, இரண்டிலும் தனித்தனியாக ஐட்ராப்பரால் தொட்டிருந்தால் எண்கள் வேறாக இருந்தாலும் முகம் ஒன்றாகியிருக்கும். அந்த ஊதா மட்டும் அப்படியும் முழுதாகச் சேர்ந்திருக்காது. வடிகட்டியே வேறாகப் பார்த்ததை ஒயிட் பேலன்ஸால் சரிசெய்ய முடியாது. அந்த ஒரு நிறத்தை மட்டும் தனியாகப் பிடித்து நகர்த்த வேண்டியதுதான்.

சரி, இரண்டையும் எப்படித்தான் ஒன்றாக்குவது?

வேலை தொடங்கும் இடத்திலேயே ஒன்றாக்கிவிட வேண்டும். கடைசியில் படம் படமாக ஒப்பிட்டுத் திருத்த உட்கார்ந்தால் நூறு படத்துக்கு மேல் கண் ஏமாற்றத் தொடங்கிவிடும். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு மதியம் செலவழித்தால் போதும்.

24 நிறக் கட்டங்கள் உள்ள கலர்செக்கர் அட்டை ஒன்று வேண்டும். நேரடி வெயில் படாத, ஆனால் திறந்த வானத்தின் பகல் வெளிச்சத்தில் அதை நிறுத்துங்கள். பக்கத்தில் பச்சைச் சுவரோ சிவப்புத் துணியோ இருக்கக் கூடாது, அதன் சாயல் அட்டையில் விழும். இரண்டு கேமராவிலும் ராவில் எடுங்கள். வெள்ளைக் கட்டம் வெந்துபோகாத அளவுக்கு எக்ஸ்போஷர் இருக்கட்டும். அதே அட்டையைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் இன்னொரு முறை எடுங்கள். இந்த இரண்டு படங்களையும் அட்டையோடு வரும் மென்பொருளிலோ அடோபியின் இலவச டிஎன்ஜி புரொஃபைல் எடிட்டரிலோ கொடுத்தால் அந்தக் கேமராவுக்கான புரொஃபைல் கிடைக்கும். டார்க்டேபிள் என்ற இலவச ரா மென்பொருளில் கலர் கேலிபரேஷன் என்ற மாட்யூலே அட்டையைப் படித்துக்கொள்ளும்.

அடுத்தது வெளிச்ச அளவு. இரண்டு படங்களிலும் அட்டையின் கடைசி வரிசையில் வெள்ளையிலிருந்து நான்காவதாக வரும் நடுச் சாம்பல் கட்டத்தின் மேல் மவுஸை வையுங்கள். மென்பொருள் காட்டும் ஆர்ஜிபி அளவு இரண்டிலும் சமமாகும் வரை ஒன்றின் எக்ஸ்போஷர் ஸ்லைடரை நகர்த்துங்கள். எனக்கு இரண்டாவது கேமராவுக்கு +0.35 வந்தது. அதைக் காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருந்தேன், பிறகு மென்பொருளிலேயே அந்தக் கேமராவின் இயல்பு அமைப்பாகப் போட்டுவிட்டேன். அடோபியின் லைட்ரூமில் மாடல் வாரியாகவும் சீரியல் எண் வாரியாகவும் இப்படி இயல்பு அமைப்பு வைக்க முடியும். ஒரே மாடலில் இரண்டு கேமரா வைத்திருப்பவர்களுக்கு சீரியல் எண் உதவும், ஏனென்றால் அவையும் நூற்றுக்கு நூறு ஒன்றாக இருப்பதில்லை.

அட்டை இல்லையென்றால்? எல்லாக் கேமராவுக்கும் மென்பொருளின் சொந்தப் பொதுப் புரொஃபைலையே வையுங்கள். அடோபியில் அது அடோபி கலர் அல்லது அடோபி ஸ்டாண்டர்டு. பட்டியலில் கீழே இருக்கும் கேமரா மேட்சிங் வகைகள் ஒவ்வொரு கம்பெனியின் சொந்த ஜேபெக் நிறத்தைப் பின்பற்றப் பார்ப்பவை. ஒன்றாக்க நினைக்கும்போது அவற்றைப் போட்டால் நேரெதிர்த் திசையில் ஓடுகிறோம்.

ஐஎஸ்ஓ, ஷட்டர், துளை மூன்றும் ஒன்றுதான். ஒரு கேமராவின் படம் மட்டும் ஏன் இருட்டாக வருகிறது?

இதற்கு ஒரு காரணம் மட்டும் இல்லை. ஐஎஸ்ஓ 12232 தரநிலையில் உற்பத்தியாளர்கள் எந்த முறையில் எண் போடலாம் என்பதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். கம்பெனிகள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் முறைகள் கேமரா தரும் ஜேபெக்கின் வெளிச்சத்தைப் பொறுத்தவை, ராவைப் பொறுத்தவை அல்ல. துளை எண் ஒன்றாக இருந்தாலும் லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் லென்ஸுக்கு லென்ஸ் கொஞ்சம் மாறும்.

ஆனால் வித்தியாசம் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாவதோ இரட்டிப்பாவதோ), இரண்டு ஸ்டாப் என்று இருந்தால் முதலில் கேமரா மெனுவைப் பாருங்கள். நான் ஒரு மாலை முழுக்க லென்ஸின் துளை இதழ் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் ஃபியூஜி கேமராவில் டிஆர்400 போட்டிருக்கிறேன். டிஆர்200 என்றால் கேமரா ஹைலைட்டைக் காப்பாற்ற ராவை ஒரு ஸ்டாப் குறைத்து எடுக்கும், டிஆர்400 என்றால் இரண்டு ஸ்டாப். பிறகு ஜேபெக்கில் நிழல் பகுதியைத் தூக்கிவிடும். சில ரா மென்பொருள்கள் கோப்பில் உள்ள அந்தக் குறிப்பைப் படித்து ஈடுசெய்யும், சில கண்டுகொள்ளாது. கேனானின் ஹைலைட் டோன் பிரயாரிட்டியும் இதே குடும்பம்தான். நிக்கானின் ஆக்டிவ் டி-லைட்டிங்கும் எக்ஸ்போஷரில் கை வைக்கலாம். பல கேமராக்களை ஒரே மென்பொருளில் ஓட்டுவதாக இருந்தால் இவை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எக்ஸ்போஷரை நாமே பார்த்துக்கொள்வது நிம்மதி.

ஒரு கேமராவின் படத்தில் செய்த எடிட்டை இன்னொன்றின் படத்தில் ஒட்டலாமா?

மேலே சொன்ன மாதிரி தொடக்கத்தை ஒன்றாக்கியிருந்தால், டோன் கர்வ், கான்ட்ராஸ்ட், கலர் கிரேடிங், கறுப்பு-வெள்ளைக் கலவை எல்லாம் தாராளமாக ஒட்டலாம். ஒட்டக் கூடாதவை ஒயிட் பேலன்ஸ், புரொஃபைல், ஷார்ப்னிங், நாய்ஸ் குறைப்பு, லென்ஸ் திருத்தம். எக்ஸ்போஷரை நான் சந்தேகத்தோடுதான் ஒட்டுவேன், ஏனென்றால் அந்த +0.35 மேலே ஏறி அமர்ந்துவிடும் அல்லது காணாமல் போய்விடும்.

பிரீசெட் சேமிக்கும்போதும் இந்தப் பெட்டிகளில் டிக் எடுத்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கும் பிரீசெட்டுகள் விளம்பரப் படம் மாதிரி நமக்கு வராததற்குப் பாதிக் காரணம், அவற்றுக்குள் யாரோ ஒருவருடைய கேமராவின் ஒயிட் பேலன்ஸும் புரொஃபைலும் ஒளிந்திருப்பதுதான்.

ஷார்ப்னிங்கும் நாய்ஸ் குறைப்பும் எல்லாக் கேமராவுக்கும் ஒரே அளவு போதாதா?

போதாது. 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000க்கு 4000 பிக்சல், 45 மெகாபிக்சல் என்றால் ஏறக்குறைய 8256க்கு 5504. ஒரு கண்ணிமை முதல் படத்தில் இரண்டு பிக்சல் அகலம் என்றால் இரண்டாவதில் கிட்டத்தட்ட மூன்று. ஒரே ஷார்ப்னிங் ரேடியஸ் இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்? சில சென்சார்களின் மேல் படத்தை லேசாக மங்கலாக்கும் லோ-பாஸ் ஃபில்டர் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இல்லாதவற்றுக்குக் கொஞ்சம் தொட்டாலே போதும்.

எக்ஸ்-டிரான்ஸ் கோப்புகளை லைட்ரூமில் அதிகம் ஷார்ப்பன் செய்தால் இலை, புல், தலைமுடி இவற்றில் புழு நெளிகிற மாதிரி ஒரு வடிவம் வரும். டீட்டெயில் ஸ்லைடரையும் ஷார்ப்னிங் அளவையும் இறக்கினால் பெரும்பாலும் அடங்கும். என்ஹான்ஸ் டீட்டெயில்ஸ் என்று 2019இல் வந்த வசதியும் இதற்கு உதவும். டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப் 2021 வரை எக்ஸ்-டிரான்ஸ் பக்கமே வரவில்லை, வந்த பிறகு நன்றாகவே செய்கிறது.

நாய்ஸை ஒப்பிடும்போது இரண்டு கேமராவின் படத்தையும் 100 சதவீதத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். அதிகப் பிக்சல் உள்ளது எப்போதும் அழுக்காகத் தெரியும். இரண்டையும் ஒரே அளவுக்குச் சுருக்கிப் பக்கத்தில் வைத்தால்தான் நியாயம்.

லென்ஸ் வளைவுத் திருத்தம் தானாக வருமா?

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களில் திருத்தக் குறிப்பு ரா கோப்புக்குள்ளேயே இருக்கும். லைட்ரூம் மாதிரி மென்பொருள்கள் கேட்காமலே போட்டுவிடும். சோனி, ஃபியூஜி கோப்புகளிலும் இந்தக் குறிப்பு உண்டு. குறிப்பு இல்லாதவற்றுக்கு மென்பொருளின் சொந்த லென்ஸ் பட்டியல். திறந்தமூல உலகில் லென்ஸ்ஃபன் என்ற தொகுப்பு. மின்தொடர்பு இல்லாத அடாப்டரில் பழைய லென்ஸை மாட்டினால் கேமராவுக்கு லென்ஸ் பெயரே தெரியாது, பட்டியலில் நாமே தேட வேண்டும்.

கேமரா திரையில் அழகாக இருந்த படம், மென்பொருளில் திறந்ததும் ஏன் சப்பென்று ஆகிவிடுகிறது?

முதல் ஒரு நொடி நீங்கள் பார்ப்பது ரா கோப்புக்குள் கேமரா ஒட்டி வைத்திருக்கும் ஜேபெக்கை. பிறகு மென்பொருள் தன் கணக்கில் வரைந்து மாற்றிவிடுகிறது. ஒப்பீட்டில் அந்தக் கணம் வலிக்கத்தான் செய்யும். அந்த நிறம்தான் வேண்டும் என்றால் கேமரா மேட்சிங் புரொஃபைல் ஓரளவு கிட்டே போகும். அச்சு அசல் வேண்டும் என்றால் ஃபியூஜிக்காரர்களுக்கு எக்ஸ் ரா ஸ்டுடியோ இருக்கிறது: கேமராவை யுஎஸ்பியில் இணைத்தால் கணக்குப் போடுவது கேமராவின் சொந்தப் புராசஸர்தான்.

கம்பெனி மென்பொருள் தேவைப்படும் வேலைகள் எவை?

சென்சாரைத் துளித்துளியாக நகர்த்திப் பல படம் எடுக்கும் பிக்சல் ஷிஃப்ட் முறையில் வந்த பல கோப்புகளை ஒன்றாகச் சேர்ப்பது முதலாவது. பென்டாக்ஸ், சோனி பிக்சல் ஷிஃப்ட்டுக்கு ராதெரபி என்ற இலவச மென்பொருளில் வழி இருக்கிறது, மற்றபடி பெரும்பாலும் கம்பெனியிடம்தான் போக வேண்டும். 2016இல் கேனான் 5டி மார்க் 4இல் வந்த டூயல் பிக்சல் ராவின் குவிய நகர்த்தல் இரண்டாவது. சென்சார் தூசியின் வரைபடத்தை வைத்துத் தானாக அழிப்பது மூன்றாவது. எனக்கு வருடத்துக்கு நான்கைந்து முறை தேவைப்படும். அப்படி முடித்ததை 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்து என் வழக்கமான மென்பொருளுக்குள் கொண்டுவந்துவிடுவேன்.

கைபேசியின் ரா படத்தையும் இதில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் அது வேறு பிராணி. 2020இல் ஐஃபோன் 12 புரோ வரிசையோடு வந்த ஆப்பிள் புரோராவில், பல ஃபிரேம்களைச் சேர்த்து டிமொசைக் செய்து முடித்த படம்தான் டிஎன்ஜி வடிவில் இருக்கும். நாய்ஸ் ஏற்கெனவே துடைக்கப்பட்டது. கேமராவுக்கு வைத்திருக்கும் ஷார்ப்னிங் இயல்பு அமைப்பு இதில் விழுந்தால் முகம் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடும். தனி இயல்பு அமைப்பு வையுங்கள், ஷார்ப்னிங் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்.

இத்தனை மென்பொருளில் எதைத்தான் எடுக்க?

உங்கள் கேமராக்கள் எல்லாவற்றையும் திறப்பது எதுவோ அதை. லைட்ரூமின் கேமராப் பட்டியல் மிகப் பெரியது. கேப்சர் ஒன்னில் நிறக் கருவிகளும் கேமராவைக் கணினியோடு இணைத்து எடுப்பதும் எனக்குப் பிடிக்கும். டார்க்டேபிளும் ராதெரபியும் இலவசம். டார்க்டேபிளைப் பழக முதல் மாதம் பொறுமை வேண்டும், அதன் பிறகு கைவிட மனம் வராது.

விமர்சனங்களைப் படித்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு கேமராவிலிருந்தும் மோசமான பத்துக் கோப்புகளை எடுங்கள்: அதிக ஐஎஸ்ஓவில் எடுத்த முகம், வெந்துபோன வானம், எல்இடி வெளிச்சம், எதிர் வெளிச்சத்தில் இலைகள், ஊதாப் பூ. சோதனைப் பதிப்பில் இந்தக் கோப்புகளைப் போட்டு இரண்டு நாள் உட்காருங்கள். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தை எந்த மென்பொருளும் நன்றாகத்தான் காட்டும்.

எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் வைத்த பிறகு அதை நிறுத்திவிட்டால்?

நடந்திருக்கிறது. ஆப்பிள் தன் அப்பர்ச்சர் மென்பொருளை வளர்க்கப் போவதில்லை என்று 2014இல் அறிவித்தது. நிக்கானின் கேப்சர் என்எக்ஸ்2இலிருந்து அடுத்த மென்பொருளுக்குப் போனவர்கள் கன்ட்ரோல் பாயின்ட் (ஓர் இடத்தைத் தொட்டு அதை மட்டும் திருத்தும்) எடிட்டுகளை இழந்தார்கள். நட்சத்திரம், கீவேர்டு, தலைப்பு இவை எக்ஸ்எம்பி வழியாக வேறு மென்பொருளுக்குப் பெரும்பாலும் போய்ச் சேரும். ஸ்லைடர் எடிட்டுகள் போகாது, போனாலும் அரைகுறைதான். ஆகவே எக்ஸ்எம்பியை வட்டில் எழுதும் தேர்வைப் போட்டு வையுங்கள். உங்களுக்கு முக்கியமான படங்களை 16 பிட் டிஃப்பாகவோ முழு அளவு ஜேபெக்காகவோ எடுத்துத் தனியாகப் போட்டு வையுங்கள். ராவும் பத்திரமாக இருக்கட்டும்.

இரண்டு கேமராவின் படங்களும் நேர வரிசையில் கலந்து குழப்புகின்றன. வழி உண்டா?

கேமராக்களின் கடிகாரம் நாளடைவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும், கோடை நேர மாற்றத்தில் ஒன்றை மாற்றி மற்றதை மறந்திருப்போம். விளைவு, கைதட்டல் முதலிலும் பேச்சு பிறகும் வரும். வேலை தொடங்கும்போது கைபேசியில் நொடி காட்டும் கடிகாரத்தைத் திறந்து எல்லாக் கேமராவிலும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். உதாரணமாக, கடிகாரம் 10:14:32 காட்டும் படத்தில் கேமராவின் பதிவு 10:12:05 என்று இருந்தால் அந்தக் கேமரா 2 நிமிடம் 27 நொடி பின்தங்கியிருக்கிறது. அந்தக் கேமராவின் படங்களை மட்டும் வடிகட்டித் தேர்ந்தெடுத்து, பிடிப்பு நேரத்தை அத்தனை நொடி நகர்த்துங்கள்.

கோப்பின் பெயரையும் இறக்குமதி செய்யும்போதே மாற்றிவிடுங்கள்: தேதி, நேரம், கேமராவுக்கு ஓர் எழுத்து, கடைசியில் பழைய எண். இரண்டு கேமராவும் ஒரே நாளில் 0413 என்ற எண்ணில் படம் எடுக்கும் நாள் கண்டிப்பாக வரும்.